கன்னத்தில் ஒரு வாய்ச் சோறு

கிரிஷ் சோறு தின்று முடிக்கும்வரை திருக்கழுக்குன்றம் மலையடித் தெருவில் பால் திரியாது, மாவு புளிக்காது, ஈரத் துணி காயாது, அடுப்பில் வைத்த தண்ணீர் சுடாது. மனிதர்கள் வழக்கம்போல நடக்கலாம், பேசலாம், சண்டையும் போடலாம். ஆனால் தானாக ஆகவேண்டிய எதுவும் அந்த நேரத்தில் ஆகாது. இது பிஸ்கட்டுக்கும் முறுக்குக்கும் பொருந்தாது, இட்லிக்கும் பொருந்தாது. சோற்றுக்கு மட்டும்தான். கிரிஷுக்கு இப்போது மூன்றரை வயது. ஒரு வேளைச் சோற்றுக்கு ஒன்றேகால் மணி நேரம் எடுத்துக்கொள்வான். பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை குளத்தில் சங்கு பிறக்கிற ஊர் என்பதால் தெருவில் யாரும் இதைப் பெரிய அதிசயமாகப் பேசவில்லை. இடைஞ்சலாகத்தான் பேசினார்கள்.

முதலில் கண்டுபிடித்தவள் அம்சா. பதினேழு வீடுகள் கொண்ட அந்தத் தெருவில் அவள்தான் இட்லி மாவு அரைத்து விற்பவள். தெருவுக்கு ஒரே வாசல். மறுமுனையில் மலையின் பாறை சுவர்போல நிற்கும். கிரிஷுக்கு ஒன்றரை வயதாகி, மசித்த சோற்றிலிருந்து பருக்கைச் சோற்றுக்கு மாறிய மாதத்தில், சாயங்காலம் ஆறு மணிக்குக் கரைத்து வைத்த மாவு விடிந்தும் பொங்காமல் தூக்கில் சும்மா கிடந்தது. அம்சா முதலில் அரிசியைச் சந்தேகப்பட்டாள், பிறகு உளுந்தை, பிறகு புருஷன் காசிநாதனின் கையை. சுவர்க் கடிகாரம் தினமும் பின்தங்குவதையும், கைப்பேசியில் மட்டும் மணி சரியாக இருப்பதையும் அவள்தான் பொருத்திப் பார்த்தாள். கைப்பேசிக்கு மணி வெளியூர்க் கோபுரத்திலிருந்து வருகிறது. சுவர்க் கடிகாரம் தெருவைச் சேர்ந்தது. வானம் எல்லோருக்கும் பொது என்பதால் வெயில் மட்டும் எப்போதும்போல நகர்ந்துகொண்டிருக்கும். அந்த வெயிலில் துணி காயாது, அவ்வளவுதான். எதிர் வீட்டு வாசலில் கிரிஷின் அம்மா மானசா கிண்ணத்தோடு உட்கார்ந்தால் கடிகாரம் நிற்கிறது, எழுந்து கிண்ணத்தைக் கழுவப் போனால் ஓடுகிறது என்பதை அம்சா நான்கு நாள் பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகு, மாவை மதியம் மூன்று மணிக்கே அரைக்கத் தொடங்கினாள்.

கிரிஷ் பிடிவாதக்காரப் பிள்ளை இல்லை. வாயைத் திற என்றால் திறப்பான். சோற்றை வாங்கிக்கொள்வான். வாங்கியதை இடது கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு உலகத்தைப் பார்க்கத் தொடங்கிவிடுவான். எறும்பு போனால் எறும்பு, தண்ணீர் லாரி போனால் லாரி, ஒன்றும் போகாவிட்டால் தெருவில் விழுந்த கம்பத்தின் நிழல். கன்னம் புடைத்திருக்கும், தாடை அசையாது. மானசா கேளம்பாக்கத்துக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்த்தாள். அப்பா ஹர்ஷவர்தனுக்கு அணுபுரத்தில் ஆபீஸ் வேலை. மானசா ஒரு கையில் கிண்ணமும் ஒரு காதில் ஆபீஸ் கூட்டத்தின் பேச்சுமாக உட்கார்ந்திருப்பாள். "மென்னுடா கண்ணா," என்பாள். அவன் அன்பாக அவளைப் பார்ப்பான். மெல்ல மாட்டான். பாதி நாள் இப்படிப் போயிற்று. மீதி நாள் செருப்பை இடம் வலம் மாற்றிப் போடுவதிலும், மாற்றிப் போட்டதைக் கழற்றுவதிலும், குழாயடியில் ஒவ்வொரு விரலாகக் கழுவுவதிலும் போயிற்று. சாயங்காலம் மானசா எண்ணிப் பார்த்தால் செய்த வேலை என்று சொல்ல ஒன்றும் இருக்காது. ஆனாலும் உடம்பு முழுக்க அசதி இருக்கும்.

தெருவில் அதிகம் அடிபட்டவன் குமார். அவன் ஓட்டுவது மின்சார ஆட்டோ. வாசலில் வயரை மாட்டிவிட்டுப் படுத்தால், கிரிஷ் சாப்பிடும் நேரம் முழுக்க பேட்டரியில் ஒரு கோடு ஏறாது. செங்கல்பட்டுச் சவாரிக்குக் கிளம்பி பாதி வழியில் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த நாட்கள் உண்டு. ஒருநாள் ஹர்ஷவர்தனை வழிமறித்துக் கேட்டுவிட்டான்.

"இன்னா சார், உன் புள்ள ஒரு உருண்ட முழுங்கறதுக்குள்ள நான் கடப்பாக்கம் போயி மீன் வாங்கிகினு வந்துடலாம் போல கீது. நீயே சொல்லு, இது நாயமா?"

"நாங்களும் சொல்லிப் பார்க்கிறோம் குமார்."

"சொல்லாத சார். சொன்னா இன்னும் லேட் பண்றான்."

அது உண்மைதான். தெருவில் அதிகம் சொன்னவர் காசிநாதன். நல்ல மனிதர். மின்வாரியத்தில் கம்பம் ஏறி ஓய்வு பெற்றவர். வீட்டுக்கும் கடைக்கும் போகும்போதும் வரும்போதும் நின்று, "முழுங்கு நைனா, முழுங்கு," என்பார். அவர் சொல்லிவிட்டுப் போனால் இன்னும் பத்து நிமிடம் கூடுதலாக ஆகும்.

செங்கல்பட்டில் குழந்தை மருத்துவரிடம் காட்டினார்கள். எடை சரியாக இருக்கிறது, உயரம் சரியாக இருக்கிறது, விட்டுவிடுங்கள் என்று அவர் சொன்னார். தெருவைப் பற்றிச் சொன்னதற்கு, அது தன் துறை இல்லை என்றார். பிறகு மானசா எல்லாத் தாய்மாரும் செய்வதைச் செய்தாள். கைப்பேசியில் படம் போட்டு முன்னால் வைத்தாள். பன்னிரண்டு நிமிடத்தில் கிண்ணம் காலி. தெரு நிம்மதியாக மூச்சுவிட்டது. அம்சா அவளுக்கு அரைப்படி மாவை இலவசமாகக் கொடுத்தாள். பத்து நாள் இப்படி நடந்தது. பத்தாம் நாள் சாப்பிட்டு முடித்து வாய் துடைத்த பிறகு, "அம்மா, மம்மு எப்போ?" என்று கிரிஷ் கேட்டான். தின்றது அவனுக்குத் தெரியவே இல்லை. அந்தப் பத்து நாளில் வாசலில் போன ஒரு காக்கையைக்கூட அவன் பார்க்கவில்லை என்பது மானசாவுக்கு அப்போதுதான் உறைத்தது. கைப்பேசியை அலமாரியில் வைத்துவிட்டு வீடு வீடாகப் போனாள். "இனிமே பழையபடிதான் இருக்கும், மன்னிச்சுக்கோங்க," என்றாள். பதினாறு வீட்டில் பதினைந்து வீட்டார் பரவாயில்லை என்றார்கள். குமார் மட்டும் வயரைச் சுருட்டினான். அவன் மனைவி பிரபா அப்போது மூன்று மாதம். உள்ளேயிருந்து அவள்தான் குரல் கொடுத்தாள்: "நாளிக்கி நமக்கும் ஒண்ணு வரும்யா. அது இன்னா பண்ணுமோ, யாரு கண்டா."

அதன்பிறகு தெரு பழகிக்கொண்டது. ஒருவருக்காக ஒருவர் கொஞ்சம் நகர்ந்து உட்காருவது பெரிய தியாகமில்லை. நாள்தோறும் செய்தால் அதுவே வழக்கமாகிவிடுகிறது. கிரிஷ் சாப்பிட உட்காருமுன்பே எல்லா வீட்டிலும் உலை கொதித்து இறங்கியிருக்கும். பூக்காரி வெயில் நேரத்தில் கூடையோடு மானசா வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்துகொள்வாள். மல்லி முழம் நாற்பது ரூபாய்க்கு விற்ற மாதத்தில்கூட அவளிடம் வாடிய பூ என்று ஒன்று இருந்ததில்லை. காசிநாதனுக்குப் பல்வலி வந்த வாரம், கிரிஷ் சாப்பிடும்போது வலி இருந்த இடத்திலேயே நின்றது, ஏறவில்லை. குமார் பகலில் பேருந்து நிலையத்துப் பக்கம் வேறொரு கடையில் வயர் மாட்டிக்கொண்டான். மானசா வீட்டைத் தாண்டும்போது ஹாரனை மட்டும் கொஞ்சம் நீட்டி அடிப்பான்.

இந்த வருடம் சித்திரையில் தெருமுனை வேம்படியம்மனுக்குத் தேர். சின்னக் கோயில், ஆனால் தேர் சின்னதில்லை. நான்கு மரச் சக்கரம், ஆள் உயரம். மலையடித் தெருவுக்குள் தேர் நுழையாது. வாசலில் நின்று தீபாராதனை வாங்கிக்கொண்டு திரும்பிப் போகும். அன்றைக்குத் தெருவில் ஒவ்வொரு வீட்டு முன்னும் நீர்மோரும் பானகமும் சுண்டலும் வைப்பார்கள். வாசலைத் தாண்டும் எந்தப் பிள்ளையையும் வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்பது அந்தத் தெருவின் நெடுநாள் வழக்கம். பத்து மணிக்குள் கிரிஷ் பதினொரு வீட்டைத் தாண்டியிருந்தான். பதினொரு வீட்டாரும் தாங்கள் மட்டும்தான் வயிறு நிறையக் கொடுத்தோம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

பத்தரைக்குத் தேர் தெருவாசலுக்கு வந்து நின்றது. முந்தின நாள் கோடை மழையில் மண் இளகியிருந்தது. முட்டுக்கட்டை போட்டுத் திருப்பும்போது பின்சக்கரம் ஒன்று பாதி அளவு மண்ணுக்குள் இறங்கிவிட்டது. தேர் ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்து, தெருவின் ஒரே வாசலை இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை அடைத்துக்கொண்டது. ஆள் ஒருவர் பக்கவாட்டில் நுழையும் சந்து மட்டும் மிச்சம். இதில் யார் தவறும் இல்லை. பலகையும் ஜாக்கியும் கொண்டுவர ஆள் போயிற்று. பத்து ஐம்பதுக்குப் பிரபாவுக்கு வலி எடுத்தது.

எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. பிள்ளை குறுக்கே கிடக்கிறது, வலி வந்தால் உடனே செங்கல்பட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும், அறுவைதான் வழி என்று முந்தின வாரமே சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஆம்புலன்ஸ் பத்து நிமிடத்தில் வந்து தேருக்கு அந்தப் பக்கம் நின்றது. சங்கரி என்கிற செவிலி மட்டும் பையைத் தலைமேல் தூக்கிக்கொண்டு சக்கரத்துக்கும் சுவருக்கும் நடுவே நுழைந்து வந்தாள். பிரபாவின் வயிற்றில் கை வைத்துப் பார்த்தாள். இவளை நடக்க வைக்கக் கூடாது, அந்தச் சந்தில் நுழைக்கவும் முடியாது, ஸ்ட்ரெச்சர் வர வேண்டும் என்றாள். நான்கு நிமிடத்துக்கு ஒரு வலி வந்துகொண்டிருந்தது. தேர் நகர எவ்வளவு நேரமாகும் என்று கேட்டாள். ஒரு மணி நேரம் என்றார்கள். இரண்டு என்று ஒருவர் திருத்தினார். அவள் குமாரை ஒருமுறை பார்த்தாள்.

குமார் தெருவைத் தாண்டி எதிர் வரிசைக்கு ஓடினான். மானசா வாசலில் நின்றிருந்தாள்.

"அக்கா," என்றான். கிரிஷைக் கையால் காட்டினான்.

அவளுக்குப் புரிந்தது. உள்ளே போய்ச் சோற்றைப் பிசைந்து வந்தாள். கிரிஷைத் தூக்கி மடியில் வைத்தாள். அவன் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டான். மூன்று வருடத்தில் முதல்முறையாக அவன் வாயைத் திறக்கவில்லை. பதினொரு வீட்டுச் சுண்டலும் வயிற்றில் இருந்தது. சேதி தெரிந்ததும் தெரு முழுக்க ஓடிவந்தது. சோற்றுக்கு வாயைத் திறக்க வைக்க ஆளுக்கு ஒன்று கொண்டுவந்தார்கள். பொரித்த அப்பளம் வந்தது; கரகரவென்று தின்றுவிட்டான். கப் ஐஸ்கிரீம் வந்தது, நக்கித் தீர்த்தான். யாரோ சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்தார்கள். அது சோறுதானே என்று எல்லோருக்கும் நம்பிக்கை. ஊட்டினால் இரண்டு வாய், நான்கு விழுங்கல். முந்திரியைத் தேடிக் கிண்ணத்தையும் பார்த்தான். கடிகாரம் நின்று, உடனே ஓடியது. எதிர் வீட்டில் பிரபாவின் சத்தம் அரை நிமிடம் நின்று, மறுபடி வந்தது. பிடித்ததைக் கொடுத்தால் சீக்கிரம் விழுங்கிவிடுவான் என்பது அந்த அவசரத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அன்பில் செய்கிற தப்புகளை ஆண்டவன் கணக்கில் வைப்பதில்லை என்று இதை எழுதுகிறவன் நம்புகிறான். ஆனால் வலி கணக்கு வைத்தது. இப்போது மூன்று நிமிடத்துக்கு ஒன்று.

"எல்லாரும் கொஞ்சம் தள்ளிப் போங்க," என்றாள் மானசா. "அவன் வாசலைப் பார்க்கணும்."

கூட்டம் விலகியது. குமார் மட்டும் படியில் குந்தி, கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டான். கிரிஷ் அவனைச் சுவாரசியமாகப் பார்த்தான். மானசா ரசம் சாதத்தை, மிளகு அதிகமில்லாமல், நெய்யும் விடாமல், அவன் கேட்கவும் மாட்டாத, வேண்டாம் என்றும் சொல்லாத சோற்றை, ஒரு சின்ன உருண்டையாக உருட்டினாள். இதைத் தின்னு என்று சொல்லவில்லை. தெருமுனையில் சாய்ந்து நிற்கும் தேரைக் காட்டி, "அந்தச் சக்கரத்துல எத்தனை கட்டை இருக்கு பாரு," என்றாள். கிரிஷ் பார்த்தான். பார்க்கும்போது அவன் வாய் தானாகத் திறக்கும் என்பது அவளுக்கு மட்டும் தெரியும். உருண்டை உள்ளே போயிற்று. இடது கன்னம் புடைத்தது. சுவர்க் கடிகாரம் பதினொன்றேகாலில் நின்றது.

எதிர் வீட்டில் சத்தமும் நின்றது. சங்கரி பயந்துபோனாள். "வலி திடீர்னு நிக்கிறது நல்லதில்லையே," என்றபடி குழலை வைத்துக் கேட்டாள். குழந்தையின் துடிப்பு ஒரே சீராக இருந்தது. மணி பார்க்கக் கையைத் திருப்பினாள். கைக்கடிகார முள் அசையவில்லை.

"பயப்படாத மா," என்றாள் அம்சா, விசிறிக்கொண்டே. "எதுர் வூட்டுப் புள்ள சாப்ட்டுகினு கீது. அது முழுங்கற வரிக்கும் இங்க ஒண்ணும் ஆவாது."

சங்கரி பிரபாவைப் பார்த்தாள். பிரபா முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஆமாங்க," என்றாள். "தண்ணி குடிக்கலாமா?"

இனித் தேர் நகர வேண்டும், பிள்ளை விழுங்கக் கூடாது. காசிநாதன் தேரிலிருந்து சேதி கொண்டு வேகமாக வந்தார். பலகை வந்துவிட்டது என்று சொல்ல வந்தவர், கன்னம் புடைத்த கிரிஷைக் கண்டதும் வாய்ப் பழக்கத்தில், "முழுங்கு நைனா," என்றுவிட்டார். தெருவே உறைந்தது. அம்சா எதிர் வாசலில் நின்று தலையில் அடித்துக்கொண்டாள். "இந்த மன்ஷனுக்கு வாய்ல பூட்டு போட்டாத்தான் சரி வரும்," என்றாள். கிரிஷ் காசிநாதனை நிதானமாக மேலும் கீழும் பார்த்தான். விழுங்கவில்லை. யார் சொல்லியும் அவன் விழுங்கியதில்லை, அன்றும் அப்படியே.

பயம் வேறொன்றில் இருந்தது. சக்கரம் எழும்பும்போது பறையும் பம்பையும் அடித்து, வெடி போட்டு, நூற்றுக்கணக்கான தொண்டை ஒன்றாகக் குரல் கொடுத்துத்தான் தேரை இழுப்பார்கள். அந்தச் சத்தத்தில் பெரியவர்களே எச்சில் விழுங்குவார்கள். ஹர்ஷவர்தன் சந்தில் நுழைந்து அந்தப் பக்கம் போய்ப் பூசாரியிடம் சொன்னான். பூசாரி தேரையும் தெருவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஒரு நாளிக்கி அம்மா சத்தம் இல்லாம போவட்டும்," என்றார். "அவளும் புள்ளக்காரிதான்."

சேதி வடக்கயிற்றின் வழியே ஆளுக்கு ஆள் காதில் சொல்லிப் போயிற்று: புள்ள வாயில சோறு கீது, சத்தம் போடாதீங்க. கேட்டவர்கள் ஏன் என்று கேட்கவில்லை; வீட்டில் பிள்ளை உள்ளவர்களுக்கு அந்த ஒரு வரி போதும். பம்பைக்காரர்கள் தோலின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டார்கள். அப்புறம் ஒரு மணி நேரத்துக்கு மேல் பலகை செருகுவதும் ஜாக்கி ஏற்றுவதும் நடந்தது, சைகையிலேயே.

அந்த நேரம் முழுக்க மானசா மடியில் பிள்ளையோடு படியில் உட்கார்ந்திருந்தாள். சொல்ல ஒன்றும் இல்லை, செய்ய ஒன்றும் இல்லை, அவசரப்படக் கூடாது. அவன் பார்ப்பதைத் தானும் பார்ப்பது ஒன்றுதான் வேலை. தேர்த் துணியின் குஞ்சம் காற்றில் ஆடியது. ஒரு எறும்பு அப்பளத் துண்டைப் படியேற்றி, தவறவிட்டு, மறுபடி ஏற்றியது. மூன்று வருடமாக இவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும் தான் கிண்ணத்தை மட்டுமே பார்த்திருக்கிறோம் என்று அவளுக்குத் தோன்றியது. கிரிஷின் முதுகு அவள் மார்பில் சாய்ந்திருந்தது. அவன் மூச்சுவிடும்போது அவளுக்கும் வயிறு ஏறி இறங்கியது. இதைவிட நீளமான பகல் தனக்குக் கொடுக்கப்பட்டதில்லை என்று நினைத்து, கொடுத்தவனுக்கு மனதுக்குள் நன்றி சொன்னாள். குமார் கிண்ணத்தைக் கீழே வைக்கவே இல்லை.

கைப்பேசியில் ஒன்று ஐந்து ஆனபோது சக்கரம் எழும்பியது. அந்தப் பெரிய தேர், முதன்முறையாக, கயிற்றின் முறுக்கல் ஓசை மட்டும் கேட்க, நூற்றுக்கணக்கானவர்கள் வாயை மூடிக்கொண்டு இழுக்க, தெருவாசலைவிட்டு நகர்ந்தது. மேலே அம்மன் சிலை அசைந்ததில் மணி ஒன்று மட்டும் லேசாகக் கிணுங்கியது. ஸ்ட்ரெச்சர் உள்ளே வந்தது. பிரபாவைத் தூக்கிக்கொண்டு மானசா வீட்டைத் தாண்டும்போது குமார் கிண்ணத்தை மானசா கையில் கொடுத்தான். கிரிஷின் புடைத்த கன்னத்தை ஒரு விரலால் தொட்டான். "வரேன் அண்ணாத்த," என்று அவனிடம் சொல்லிவிட்டு ஓடினான்.

தெருவாசலைத் தாண்டிய கணம் பிரபாவுக்கு வலி திரும்பியது, விட்ட இடத்திலிருந்து. செங்கல்பட்டுக்கு இருபது நிமிடம். ஒன்று ஐம்பத்தெட்டுக்குப் பெண் குழந்தை. ஒரு கிலோ எண்ணூறு எடை, நல்ல அழுகை. மலையடித் தெருவில் கிரிஷ் ஆம்புலன்ஸ் சத்தம் தேய்ந்து மறையும்வரை கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, யாரும் சொல்லாமல் விழுங்கினான். அடுத்த வாய்க்கு வாயைத் திறந்தான்.

ஆஸ்பத்திரியில் சங்கரி குறிப்பு எழுத வேண்டியிருந்தது. வலி தொடங்கிய நேரம், இடைவெளி எல்லாம் எழுதினாள். ஒரு மணி ஐம்பது நிமிடம் வலி முழுவதும் நின்றிருந்தது என்று எழுதினாள். காரணம் என்ற இடத்தில் பேனாவை வைத்துக் கொஞ்சம் யோசித்தாள். அவள் பொய் எழுதிப் பழகாதவள். 'எதிர் வீட்டுக் குழந்தை சாப்பிட்டுக்கொண்டிருந்தது' என்று எழுதிக் கொடுத்தாள். அறுவை முடித்துக் கை கழுவி வந்த டாக்டர் சியாமளா அதை நின்றபடியே படித்தார்.

"என்ன சாதம்?" என்று கேட்டார்.

"ரசம் சாதம் மேடம்."

"எத்தனை வாய்?"

"ஒரே வாய்."

டாக்டர் தலையசைத்தார். "எங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்கு," என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.